லாங்மியூர் நேர்கோட்டை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ஆக்டிவேட்டட் கார்பனில் கார்பன் டை ஆக்சைடின் பரப்புக்கவர்ச்சியை (வாயு மூலக்கூறுகள் கரியின் பரப்பில் ஒட்டும் அளவை) 298 கெல்வினில் 1 பார் வரை அளந்தேன். ஒட்டும் அளவை அழுத்தத்தோடு இணைக்கும் லாங்மியூர் சமன்பாட்டை நேர்கோடாக மாற்றி வரைந்தால், பொருத்தத்தின் தரத்தைச் சொல்லும் ஆர்-ஸ்கொயர் 0.99-ஐத் தாண்டுகிறது. ஆனால் 0.5 பார் வரையுள்ள புள்ளிகளை மட்டும் எடுத்தால் அதிலிருந்து வரும் உச்சக் கொள்ளளவு (கரி ஏற்கக்கூடிய அதிகபட்ச வாயு அளவு) குறைந்துவிடுகிறது. எந்த எண் சரி? இதே வேலைக்கான இன்னொரு சமன்பாடான ஃபிராய்ண்ட்லிக்குக்கு மாறிவிடலாமா?

பதில்: இரண்டு எண்ணுமே சரியில்லை. 298 கெல்வினில் கார்பன் டை ஆக்சைடின் நிறைவு ஆவியழுத்தம் (வாயு திரவமாகத் தொடங்கும் அழுத்தம்) ஏறக்குறைய 64 பார். நீங்கள் போயிருப்பது அதில் ஒன்றரை சதவீதம் வரைதான். கரி நிரம்பிக் கோடு தட்டையாகும் இடத்தையே நீங்கள் பார்க்கவில்லை, உச்சக் கொள்ளளவு என்று வந்தது வெறும் நீட்டிப்புக் கணக்கு.

அந்த ஆர்-ஸ்கொயரும் ஏமாற்றும். அழுத்தத்தைக் கவர்ந்த அளவால் வகுத்து, அதை மறுபடி அழுத்தத்துக்கு எதிராகவே வரைகிறீர்கள். இரண்டு அச்சிலும் அழுத்தம் இருந்தால் சுமாரான தரவுகூட நேராகத்தான் தெரியும்.

சரி, எண் ஏன் மாறுகிறது? லாங்மியூர் 1918-ல் எழுதியது கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் சமதளப் பரப்புகளைப் பற்றி. எல்லா இடமும் ஒரே மாதிரி, ஓர் இடத்துக்கு ஒரு மூலக்கூறு, பக்கத்து மூலக்கூறோடு உறவில்லை என்பது அவருடைய அனுமானம். உங்கள் கரியிலோ பல அளவுத் துளைகள். மூலக்கூறை இறுக்கிப் பிடிக்கும் குறுகிய துளைகள் முதலில் நிரம்பும், பலவீனமான இடங்கள் பிறகு. அழுத்த எல்லையைக் கூட்டக் கூட்ட இந்தப் பலவீனமான இடங்களும் கணக்கில் சேர்வதால் கொள்ளளவு ஏறுகிறது.

ஃபிராய்ண்ட்லிக்கில் வேறு சிக்கல். அதில் நிறைவே கிடையாது. தவிர, அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது சாய்வு எல்லையில்லாமல் ஏறும். உண்மையில் அங்கே ஹென்றி விதிப்படி (தாழ் அழுத்தத்தில் கவர்ந்த அளவு அழுத்தத்துக்கு நேர்விகிதம்) ஒரு நிலையான சாய்வு இருக்க வேண்டும். லாங்மியூரையும் ஃபிராய்ண்ட்லிக்கையும் இணைத்த சிப்ஸ் சமன்பாட்டுக்கும் இந்தத் தாழ் அழுத்தக் குறை உண்டு. பின்னால் கலவை வாயுக்களுக்கு ஐஏஎஸ்டி கணக்கு (தனித்தனி வாயுக்களின் தரவிலிருந்து கலவையின் கவர்ச்சியைக் கணிக்கும் முறை) போடுவதாக இருந்தால் இந்தத் தாழ் அழுத்தப் பகுதிதான் காலை வாரும், ஏனென்றால் அதன் தொகையீடு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

நானாக இருந்தால் டோத் சமன்பாட்டை அல்லது வலுவான, பலவீனமான என இரு வகை இடங்களைக் கணக்கில் எடுக்கும் இருதள லாங்மியூரை எடுப்பேன். இரண்டும் ஹென்றி எல்லையை மதிக்கும். நேர்கோடாக மாற்றாமல் மூலத் தரவுக்கே பொருத்துங்கள். அப்புறம், அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அழுத்தத்துக்கு எதிராக வரையுங்கள். புள்ளிகள் பூஜ்யத்தின் இருபுறமும் ஒழுங்கில்லாமல் சிதறினால் நல்லது. அலைபோல ஏறி இறங்கினால் மாடல் தவறு, ஆர்-ஸ்கொயர் என்ன சொன்னாலும் சரி. ஒரு எச்சரிக்கை: பன்னிரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு ஐந்து மாறிலிகளைத் தேடாதீர்கள்.

முடிந்தால் 273, 323 கெல்வினிலும் அளந்து, மூன்றையும் ஒரே கொள்ளளவு வைத்துச் சேர்த்துப் பொருத்துங்கள். இது வெப்பம் உமிழும் நிகழ்வு, அதனால் வெப்பநிலை ஏறும்போது கவர்ச்சி மாறிலி (மூலக்கூறை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்) குறைய வேண்டும். அது கூடினால் மாடலை மாற்றுவதற்கு முன், அளக்கத் தொடங்கும்போது கரித் துண்டிலிருந்து பழைய வாயுவைச் சரியாக வெளியேற்றினீர்களா என்று பாருங்கள்.