92 சதவீதத்தில் நின்றுபோகும் கேம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மே மாதம் வந்துவிட்டால் ரிச்சி தெருவில் என் மேசைக்கு வரும் சிபியூக்களுக்கு ஒரே புகார்தான்: "அண்ணா, கேம் ஏறமாட்டேங்குது." இந்த முறை கேள்விகளும் அதையொட்டியே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 60 ஜிபி கேம். இன்ஸ்டால் செய்யும்போது ஒருமுறை 92 சதவீதத்தில், ஒருமுறை 71-இல், 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று நின்றுவிடுகிறது. மூன்று முறை டவுன்லோட் செய்துவிட்டேன். நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர் லைனில் ஒன்றுமில்லை என்கிறார். (கல்லூரி மாணவர், பெரம்பூர்)

பதில்: அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: 92, 71. கோப்பு கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கும். இடம் மாறி மாறி நின்றால் கோப்பை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்ஸ்டாலருக்குள் கேம் அழுத்திச் சுருட்டப்பட்டிருக்கும். அதை விரிக்கும்போது ரேமும் ப்ராசஸரும் மூச்சுமுட்ட வேலை செய்கின்றன. நடுவில் ஒரே ஒரு பிட் தப்பாகப் போனாலும் கடைசியில் கணக்கு டேலி ஆகாது, இன்ஸ்டாலர் கோப்பைக் குறை சொல்லிவிட்டு நின்றுவிடும். படம் பார்ப்பது, பிரவுசர் திறப்பது போன்ற வேலைகளில் இந்தப் பிழை வெளியே தெரிவதே இல்லை. அதனால்தான் "மத்ததெல்லாம் நல்லா ஓடுதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

போன மாதம் கொளத்தூரிலிருந்து ஒரு தம்பி ஸ்கூட்டர் கால்பலகையில் சிபியூவை வைத்துக் கொண்டுவந்தார். 8 ஜிபி ரேம் இரண்டு. ஒன்றைக் கழற்றினேன், கேம் முழுதாக ஏறியது. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுக் கழற்றியதை மாட்டினேன், 40-ஐத் தாண்டவில்லை. ஸ்லாட்டைக் குறை சொல்லக் கூடாது என்று இரண்டையும் அதே ஸ்லாட்டில்தான் பார்த்தேன். பழுது அந்த ரேமில்தான். அவர் அதற்குள் நாலு நாள் நெட் டேட்டாவைக் கரைத்திருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், மதர்போர்டின் அடிப்படை அமைப்பு) எக்ஸ்எம்பி இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள். ரேமை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு அது. பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் சிவப்பில் ஒரே ஒரு பிழை தெரிந்தாலும் அந்த ரேம் வேண்டாம். 'ஒன்றுதானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ரேமில் ஒன்றும் இல்லை, ப்ராசஸர் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ரகம் என்றால் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பியுங்கள். அந்த ரகங்களில் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறிச் சில்லு நிலைகுலையும் சிக்கலை 2024-இல் இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அதைத் தடுக்க மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்; பயாஸோடு வரும்) திருத்தங்களை வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. சுருட்டியதை விரிக்கும்போது பிழை வருவது அதன் அடையாளங்களில் ஒன்று. ஆனால் அந்தத் திருத்தம் இனி கெடாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே கெட்ட சில்லைச் சரிசெய்யாது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. இரண்டாம் பாகக் கோப்பைக் கேட்கிறது. ஆனால் அது அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது! (மடிப்பாக்கம்)

பதில்: பெயரை நன்றாகப் பாருங்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு '1' ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் டவுன்லோட் அறுந்துபோய் இரண்டாவது முறை இறக்கியிருப்பீர்கள். பழையது அங்கேயே கிடப்பதால் பிரவுசர் புதியதற்கு அந்த '1'-ஐச் சேர்த்துவிட்டது. இன்ஸ்டாலர் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தேடும். பாதியில் அறுந்ததை அழித்துவிட்டு, முழுக் கோப்பின் பெயரிலிருந்து அந்த ஒட்டை நீக்குங்கள். அதன் பிறகும் நின்றால் செட்டப் கோப்பு ஒரு பதிப்பு, பாகங்கள் வேறு பதிப்பு என்று கலந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மறுபடி இறக்குவதுதான் வழி.

கேள்வி: புது லேப்டாப்பில் என் பெயரைத் தமிழில் வைத்தேன். பையனின் பழைய கேம்களை இன்ஸ்டால் செய்யப் போனால் 'தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை' என்கிறது. (ஆசிரியை, குரோம்பேட்டை)

பதில்: தமிழில் பெயர் வைத்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பழைய இன்ஸ்டாலர்களுக்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் முறை) தெரியாது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோட்பேஜ், அதாவது தனி எழுத்துப் பட்டியல், இருந்த காலத்து ஆட்கள் அவை. விண்டோஸில் தமிழுக்கு அப்படியொரு கோட்பேஜ் எப்போதும் இருந்ததில்லை; தமிழ் நேராக யூனிகோடில்தான் வந்தது. அதனால் உங்கள் பெயரில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் அவற்றுக்குக் கேள்விக்குறியாகத் தெரிகிறது. விண்டோஸ் பாதையில் கேள்விக்குறிக்கு இடமே கிடையாது. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

செட்டிங்ஸில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. திரையில் மாறும், உள்ளே இருக்கும் ஃபோல்டரின் பெயர் அப்படியே இருக்கும். எளிய வழி, ஆங்கில எழுத்தில் இன்னொரு லோக்கல் அக்கவுண்ட் தொடங்கி, பையன் அதில் விளையாடட்டும். கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவரானால் சி டிரைவில் 'டெம்ப்' என்று (ஆங்கில எழுத்தில்) ஒரு ஃபோல்டர் திறந்து, உங்கள் அக்கவுண்டுக்கான (யூசர்) சூழல் மாறிகளில் டெம்ப், டிஎம்பி இரண்டையும் அங்கே திருப்பிவிடலாம். இன்ஸ்டால் ஆகிவிடும். ஆனால் சேவ் கோப்பை டாக்குமென்ட்ஸில் எழுதும் கேம் அதன் பிறகும் தகராறு செய்யலாம். அதனால்தான் அக்கவுண்ட் வழியை முதலில் சொன்னேன்.

கேள்வி: இன்ஸ்டால் ஆகிவிட்டது. திறந்தால் ஏதோ டிஎல்எல் இல்லை என்கிறது. அதை மட்டும் எங்கே டவுன்லோட் செய்யலாம்? (மூன்று பேர்)

பதில்: எங்கேயும் வேண்டாம். கேம் ஓடத் தேவையான துணைக் கோப்புதான் டிஎல்எல்; அதைத் தனியாகத் தரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். பெயர் 'எம்எஸ்விசிபி' அல்லது 'விசிரன்டைம்' என்று தொடங்கினால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பு தேவை. 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் 32 பிட், 64 பிட் இரண்டையும் போடுங்கள். 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கினால் டைரக்ட்எக்ஸின் 2010 ஜூன் தொகுப்பு. விண்டோஸில் புது டைரக்ட்எக்ஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இந்தப் பழைய துண்டுகள் அதோடு வருவதில்லை.

கேள்வி: 128 ஜிபி பென்டிரைவில் 100 ஜிபிக்கு மேல் காலி. 6 ஜிபி கோப்பைப் போட்டால் 'மிகப் பெரியது' என்கிறது. (அம்பத்தூர்)

பதில்: ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். நடைபாதையில் '2 டிபி' என்று சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த பென்டிரைவாக இருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முதலில் சோதியுங்கள். 2 டிபி என்று காட்டிக்கொண்டு உள்ளே 32 ஜிபி மட்டும் வைத்திருக்கும் பெருமாள்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. காப்பி ஆனது போலவே இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

கேள்வி: பரணில் 2003, 2004-இல் வாங்கிய கேம் சிடிக்கள் கிடைத்தன. விண்டோஸ் 11-இல் ஒன்றுகூட ஓடவில்லை. (மயிலாப்பூர்)

பதில்: எந்த இடத்தில் மறுக்கிறது என்று பாருங்கள். டிரைவ் சிடியையே படிக்கவில்லை என்றால் நம்ம ஊர் உப்புக்காற்றின் வேலை. பூஞ்சை படிந்திருந்தால் மெத்தென்ற துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் புள்ளிப் புள்ளியாக ஒளி தெரிகிறதா? மேல்பூச்சு போய்விட்டது, அதை மறந்துவிடுங்கள்.

சிடி படிக்கிறது, செட்டப் மட்டும் 'இந்தக் கணினியில் ஓடாது' என்றால் இன்ஸ்டாலர் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடாது. இன்ஸ்டாலும் ஆகி, தொடங்கும்போது மட்டும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டால் பெரும்பாலும் சேஃப்டிஸ்க். அந்தக் காலத்துக் காப்பிப் பூட்டு அது. விண்டோஸுக்கு உள்ளே ஒரு டிரைவரை நம்பியே ஓடியது. பாதுகாப்பு ஓட்டை என்று 2015-இல் விண்டோஸ் 10-லிருந்து அந்த டிரைவரை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் பூட்டு திறக்கவில்லை, என்ன நியாயமோ!

இணையத்துக்குப் போகாத பழைய எக்ஸ்பி மெஷின் ஒன்று வீட்டில் கிடந்தால் இவை அதில் ஜம்மென்று ஓடும். இல்லையென்றால் ஜிஓஜி என்ற இணையக் கடையில் தேடிப் பாருங்கள். பழைய கேம்களை இன்றைய விண்டோஸுக்கு ஏற்ப மாற்றி, பூட்டில்லாமல் விற்கவே 2008-இல் தொடங்கிய கடை. தள்ளுபடி நேரத்தில் ஒரு பிரியாணி விலைக்குள் கிடைக்கும்.

கேள்வி: 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் முழுக்க இன்ஸ்டாலர்கள். 'பேக்கப்', 'பேக்கப் புதுசு', 'பேக்கப் கடைசி', 'பேக்கப் கடைசி 2' என்று ஃபோல்டர்கள். எதில் எது என்று எனக்கே தெரியவில்லை. (ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்)

பதில்: என் டிஸ்க்கும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. அடுக்குவதற்கு முன்னால் கழியுங்கள். ஆன்லைனில் மட்டுமே ஓடும் கேம்களின் இன்ஸ்டாலரைச் சேர்த்து வைப்பதில் பயனில்லை. சர்வர் மூடிய அன்று அது வெறும் எடை. ஸ்டீம், எபிக் போன்ற இணையக் கடைகளில் வாங்கிய கேம்களின் நகல் ஓரளவுக்குப் பயன்படும். டவுன்லோடு மிச்சமாகும், ஆனால் லாகின் இல்லாமல் உயிர் பெறாது. ஸ்டீம் மென்பொருளே 2024 ஜனவரி 1-க்குப் பிறகு விண்டோஸ் 7, 8-ஐக் கைவிட்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். தனியாக நின்று ஓடக்கூடிய ஆஃப்லைன் இன்ஸ்டாலர்களுக்குத்தான் டிஸ்க்கில் முதல் இடம்.

பிறகு, கேமுக்கு ஒரு ஃபோல்டர். பெயரில் நான்கு விஷயம்: கேம், வாங்கிய கடை, பதிப்பு எண், இறக்கிய தேதி. தேதியில் வருடத்தை முன்னால் போட்டால் அதுவாகவே வரிசைப்படும். உள்ளே செட்டப், அதன் பாகங்கள், கூடுதல் உள்ளடக்கம், சீரியல் எண் எழுதிய ஒரு நோட்பேட் கோப்பு. பாகங்களின் பெயரை மட்டும் கைவைக்காதீர்கள். மடிப்பாக்கத்துக்காரர் கதை ஆகிவிடும். மேலே சொன்ன விஷுவல் சி++, டைரக்ட்எக்ஸ் தொகுப்புகளுக்குத் தனியாக ஒரு ஃபோல்டர். புதுப் பதிப்பு வந்தால், அது இன்ஸ்டால் ஆகி, ஓடி, கண்ணால் பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

முக்கியமானது, டிஸ்க்கில் போட்ட அன்றே சரிபார்ப்பது. செவன்-ஜிப் போட்டிருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ஷா-256 எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, எடுக்கலாம். கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புக்கு ஒருமுறை, டிஸ்க்கில் இருக்கும் நகலுக்கு ஒருமுறை. இரண்டும் ஒன்றானால் அந்த எண்ணை நோட்பேடில் ஒட்டி வையுங்கள். மூன்று வருடம் கழித்து இன்ஸ்டால் நின்றால், கெட்டது கோப்பா கம்ப்யூட்டரா என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். பெரம்பூர் தம்பியிடம் அது இருந்திருந்தால் இரண்டு டவுன்லோடு மிச்சம்.

சேவ் கோப்புகளை மறந்தே போய்விட்டீர்கள், கவனித்தீர்களா? இன்ஸ்டாலர் மறுபடி கிடைக்கும், நீங்கள் ஆடிய நூறு மணி நேரம் கிடைக்காது. அவை டாக்குமென்ட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ ஒளிந்திருக்கும். லூடுசாவி என்ற இலவச மென்பொருள் தேடி எடுத்துக்கொடுக்கும்.

கேள்வி: தரைத்தள வீடு. 2015 வெள்ளத்தில் ஒரு டிஸ்க் போனது, 2023 டிசம்பரில் இன்னொன்று. எஸ்எஸ்டியில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்தால் போதுமா? (வேளச்சேரி)

பதில்: வருடக்கணக்கில் மின்சாரம் பார்க்காமல் பெட்டியில் கிடக்கப் போகிறது என்றால் எஸ்எஸ்டி வேண்டாம், அதில் பதிந்த மின்னேற்றம் மெல்லக் கசியும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகிப் பாருங்கள். இரண்டாவது நகல் உங்கள் வீட்டிலேயே வேண்டாம். மாடி வீட்டில் இருக்கும் அக்காவிடமோ மச்சானிடமோ கொடுத்து வையுங்கள், பொங்கலுக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். நனைந்த டிஸ்க்கைக் காயவைத்துச் செருகிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அதில் குடும்பப் படங்கள் இருந்தால் அப்படியே டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். வெறும் கேம்தான் என்றால் அந்தச் செலவுக்குப் புது டிஸ்க்கே வாங்கிவிடலாம்.

கேள்வி: மகன் எங்கிருந்தோ 'சுருக்கிய' இலவச கேம் ஒன்றை இறக்கியிருக்கிறான். இன்ஸ்டால் செய்ய ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது. அணைக்கலாமா? (தாம்பரம்)

பதில்: வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய கேமையும் விண்டோஸ் பாதுகாப்பு சில நேரம் தடுக்கும்; அப்போதுகூட அந்த ஒரு புரோகிராமை மட்டும் அனுமதித்தால் போதும், மொத்தமாக அணைக்கத் தேவையில்லை. தம்பி ஏற்கெனவே அணைத்து ஓட்டிப் பார்த்துவிட்டானா என்று கோபப்படாமல் கேளுங்கள். ஆமாம் என்றால் அந்தக் கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து கழற்றிவிட்டு, உங்கள் போனிலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போடும் வேலை நாளைக்கு.