மஷ்ரூம் பவளத்துக்கு எதற்கு 42,000 ரூபாய் விளக்கு?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். 3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கோமாளி மீன்கள் நன்றாக இருக்கின்றன. அடுத்து மஷ்ரூம், பட்டன் பாலிப் போன்ற பவளங்கள் வைக்க ஆசை. இப்போதுள்ள வெள்ளை எல்இடி விளக்கில் பவளம் பத்தே நாளில் செத்துவிடும் என்கிறார் கடைக்காரர். அவர் காட்டும் விளக்கின் விலை 42,000 ரூபாய். என்னால் 10,000 வரைதான் முடியும். ஒருவர் தன் பழைய விளக்கை 14,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். நண்பரோ, கட்டட முகப்பில் மாட்டும் நீல ஃப்ளட் லைட்டே போதும் என்கிறார். எதை வாங்கட்டும்? இரவில் நிலா விளக்கு அவசியமா?

பதில்: உங்கள் 10,000 ரூபாய்க்குள்ளேயே முடியும். அந்த 42,000 ரூபாய் விளக்கு நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் வைக்கப்போகும் பவளத்துக்கு அதில் கால்வாசி பலம் போதும்.

பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை உணவாக்கி, பவளத்துக்கும் பங்கு கொடுப்பது அதுதான். அந்தப் பாசிக்கு முக்கியமாக வேண்டியது நீல வெளிச்சம், அலைநீளக் கணக்கில் சுமார் 420 முதல் 480 நானோமீட்டர் வரை. கடலில் சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு வடிந்துபோய் நீலம்தான் மிஞ்சும். அதற்குப் பழகிய உயிர் அது. உங்களிடம் இருப்பது நன்னீர்த் தொட்டிக்கான வெள்ளை விளக்கு என்று நினைக்கிறேன். அதிலும் நீலம் உண்டு, கொஞ்சமாக. அதன் கீழ் மஷ்ரூம் பத்து நாளில் சாகாது. மெல்லப் பழுப்பாகி, மாதக்கணக்கில் இளைக்கும். பத்து நாளில் ஒரு பவளம் செத்தால் விளக்கை விடுங்கள், தண்ணீரைச் சோதியுங்கள். ஆனால் கடையில் எந்த நோய்க்கும் ஒரே மருந்து, பெரிய விளக்கு. தண்ணீரைச் சோதிக்கச் சொன்னால் அவருக்கு என்ன லாபம்?

பாசிக்குப் பயன்படும் வெளிச்சம் ஓரிடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதை 'பார்' என்ற கணக்கில் சொல்வார்கள். வாட் என்பது விளக்கு இழுக்கும் கரண்ட். லூமன் மனிதக் கண்ணுக்கான கணக்கு. இரண்டையும் பார்த்துப் பவள விளக்கு வாங்க முடியாது. மஷ்ரூமுக்கு 50 பார் போதும். பட்டன் பாலிப்புக்கு 70 முதல் 120. லெதர் பவளத்துக்கு 100 முதல் 150. அக்ரோபோரா மாதிரி கிளைவிட்டு வளரும் கல் பவளங்கள்தான் 250, 300 என்று கேட்கும். விலை உயர்ந்த விளக்குகளின் பலமெல்லாம் அந்த 300ஐத் தொட்டியின் அடிவரை கொண்டுபோவதற்காகச் செலவழித்தது.

கடையில் யாரும் வாய் திறக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கல் பவளத்தை நீங்கள் வைக்கவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்களைச் சேர்த்தார்கள். பாறை கட்டும் கல் பவளம் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாம் அதில் உண்டு. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. மாட்டினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். நீங்கள் கேட்கும் மஷ்ரூமும் பட்டன் பாலிப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சட்டப்படி வைக்கக்கூடியவைக்குப் பெரிய விளக்கு வேண்டாம். பெரிய விளக்கு கேட்பவற்றை வைக்கச் சட்டம் விடாது. அப்படியிருக்க 42,000 ரூபாயை எதற்காகக் கொடுக்கிறீர்கள்?

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பதில்களையும் சொல்லிவிடுகிறேன். "இது நம்ம கடல் சரக்கு இல்ல சார், இந்தோனேசியா இம்போர்ட்" என்பார்கள். கல் பவளம் அனைத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அவை எல்லை தாண்டக் கூடாது. சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மீன் உணவுக்கு மாறிவிடும். "பண்ணையில வளர்த்தது" என்பார்கள். பண்ணையில் வளர்ந்தாலும் அது பட்டியலில் உள்ள அதே இனம்தான். "சின்னத் துண்டுதானே" என்பார்கள். துண்டும் பவளம்தான். "இது செத்துப்போன கல்லுதான், லைவ் ராக்" என்பார்கள். நம் கரையில் எடுத்த லைவ் ராக் என்பது பெரும்பாலும் கல் பவளத்தின் எலும்புக்கூடு. உயிர் போய்விட்டது என்பதால் சட்டம் அதை விட்டுவிடாது. தொட்டிக்குப் பீங்கானிலோ சிமெண்டிலோ செய்த செயற்கைப் பாறையே போதும். சில மாதத்தில் அதிலும் நல்ல பாக்டீரியா குடியேறிவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து வந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் மஷ்ரூமாக இருந்தாலும் தொடாதீர்கள்.

சட்டம் வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. வீட்டில் தொட்டி வைப்பவர் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று படத்தோடு ஒரு பக்கம் அச்சடித்துக் கடைக்குக் கடை ஒட்ட எத்தனை ரூபாய் ஆகும்? ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுவார்கள், அங்கே போனால் திருப்பி முதல் இடத்துக்கே அனுப்புவார்கள். கடைசியில் எல்லாம் தெரிந்தவர் விற்பவர் மட்டும்தான். வாங்கியவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். சரி, விளக்குக்கு வருவோம்.

பழைய விளக்கை 14,000க்கு வாங்காதீர்கள். பொழுதுபோக்கை விடுகிறவரிடம் நேரடியாக வாங்கினால் சில சமயம் நல்ல பொருள் அமையும். ஆனால் நடுவில் ஒரு 'செட்டப் ஆள்', அதாவது தொட்டி அமைத்துக் கொடுப்பவர், நின்றால் அவர் கமிஷனும் விலைக்குள் இருக்கும். "ஆறு மாசம்தான் ஓடுச்சு" என்பதைச் சோதிக்க வழியில்லை. உப்புக் காற்று விளக்கின் உள்ளே போய்ச் சாலிடரை அரித்திருக்கும். வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். ஆசை விடவில்லை என்றால் நீலம், வெள்ளை இரண்டையும் தனித்தனியாக முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் எரிய விட்டுப் பாருங்கள். ஒரு வரிசை எரியாவிட்டால், மினுக்கினால், விசிறி சத்தம் போட்டால் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் 10,000ஐத் தாண்டிய விலைக்குப் பழசு எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நண்பர் சொல்லும் ஃப்ளட் லைட்டில் வெளிச்சம் தப்பில்லை. நீல ஃப்ளட் லைட் பெரும்பாலும் 460 நானோமீட்டர் பக்கம்தான் எரியும், பாசிக்கு அது பிடிக்கும். எனக்குப் பயம் கரண்ட்தான். மலிவான ஃப்ளட் லைட்டுகளில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் டிரைவர் தனியாகக் கிடையாது. 230 வோல்ட் நேராக எல்இடி இருக்கும் தகட்டுக்கே வந்துவிடும். பூமி இணைப்பு ஒழுங்காக இருக்கும் என்று சொல்ல முடியாது. அடியில் இருப்பது உப்புத் தண்ணீர், அதில் நீங்கள் கையை விடுவீர்கள். அதோடு வெளிச்சத்தைக் குறைக்கவும் முடியாது. முகப்பில் மாட்டச் செய்ததை முகப்பிலேயே விடுங்கள்.

வாங்க வேண்டியது கருப்புத் தகரப் பெட்டி மாதிரி இருக்கும் சீன விளக்கு. கடையில் '165 வாட் ரீஃப் லைட்' என்று கேட்டால் தெரியும். உள்ளே 55 எல்இடி, ஒவ்வொன்றும் 3 வாட் என்று பெருக்கிப் போட்ட எண்தான் அந்த 165. சுவர் பிளக்கிலிருந்து அது இழுப்பது அதைவிடக் குறைவு, முழுசாக 165 வாட் என்று நம்பிவிடாதீர்கள். பெயரும் முத்திரையும் ஆளுக்கொன்று, உள்ளே சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் 'இது ஒரிஜினல்' என்று கூடுதல் விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள். நீலத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என இரண்டு திருகுக் குமிழ்கள் இருக்க வேண்டும். செல்போனில் இயக்குவது, மின்னல் காட்டுவது, மேகம் ஓடுவது எல்லாம் வேடிக்கைக்கு. அந்தக் காசில் உப்பு வாங்கலாம். விசிறியும் டிரைவரும் கெட்டால் தனியாக மாற்ற முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு பெட்டி சுமார் 2 அடி நீளத்துக்குத்தான் ஒழுங்காக வெளிச்சம் தரும். உங்களுக்கு 3 அடித் தொட்டி. ஆகவே நடுவில் மாட்டி, பவளங்களை நடு 2 அடிக்குள் வையுங்கள். இரண்டு ஓரமும் மீனுக்கு நீந்த இடம். எல்லாக் கோடிக்கும் ஒரே அளவு வெளிச்சம் வேண்டும் என்று ஒருவர் வரைபடம் போட்டுக் காட்டி இரண்டாவது விளக்கை விற்கப் பார்ப்பார், கண்டுகொள்ளாதீர்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். மஷ்ரூமை மணலிலோ பாறையின் அடியிலோ வையுங்கள், பட்டன் பாலிப் நடு உயரத்தில் இருக்கட்டும்.

புதிதாக வாங்கியவர்கள் பவளத்தைக் கொல்வது அதிகமும் வெளிச்சம் மிஞ்சித்தான். முதல் நாளே இரண்டு குமிழையும் முழுக்கத் திருகி, தொட்டி ஜொலிப்பதை வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவார்கள். ஒரு வாரத்தில் பவளம் வெளுத்துவிடும். நீலத்தை 25 சதவீதம், வெள்ளையை 5 சதவீதத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். நீலம் 50, வெள்ளை 10 அளவில் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். பார் மீட்டர் விலை அதிகம், வாங்க வேண்டாம். செல்போனில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் செயலி நீலத்தைச் சரியாகப் படிக்காது. பவளத்தையே பாருங்கள். மஷ்ரூம் கோப்பை போல மேலே தூக்கி நீண்டால் வெளிச்சம் போதவில்லை. சுருங்கி, ஓரம் மடிந்து, நிறம் வெளிறினால் அதிகம். பழுப்பானால் வெளிச்சம் குறைவாகவோ தண்ணீரில் நைட்ரேட் அதிகமாகவோ இருக்கும். தினம் 8 மணி நேரம் போதும். சாதாரண டைமர் பிளக் ஒன்று மாட்டி மறந்துவிடுங்கள்.

பவளம் வாங்கும்போதும் ஒரு சங்கதி. கடையில் நீல விளக்கு மட்டும்தான் எரியும். அதன் கீழ் எதுவும் பச்சையாக, ஆரஞ்சாக ஒளிரும். வீட்டுக்கு வந்து வெள்ளை போட்டால் பழுப்புத் தோல் மாதிரி இருக்கும். கடையிலேயே வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்து விலை பேசுங்கள்.

மதுரை வெயிலில் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. விளக்கு இழுக்கும் கரண்டில் பெரும்பங்கு கடைசியில் சூடாகத்தான் மாறும், அதில் ஒரு பகுதி தண்ணீருக்குப் போகும். தண்ணீர் 26, 27 டிகிரியில் இருந்தால் நல்லது; நாள் கணக்கில் 30ஐத் தாண்டினால் எந்த விளக்கும் பவளத்தைக் காப்பாற்றாது. சித்திரை, வைகாசியில் விளக்கை மதியம் போடாமல் மாலை 3 மணிக்கு மேல் போடுங்கள். தண்ணீர் மேல் காற்றடிக்கும்படி ஒரு சிறு விசிறி வையுங்கள். தண்ணீர் வற்றும்போது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. கரண்ட் பில் பெரிய பாரமில்லை. சுவரிலிருந்து 80 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 38 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட்டின் விளிம்பில் இருக்கும் வீடாக இருந்தால் மட்டும் கவனம், அதைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும்.

10,000இல் மிச்சம் இருக்கும் பணத்தில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் கருவி அது. விளக்கின் ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும்; ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

நிலா விளக்கு வேண்டாம். மீனுக்கும் பவளத்துக்கும் இரவில் இருட்டு வேண்டும். படுக்கப் போகும் முன் கொஞ்ச நேரம் பார்க்க ஆசையாக இருந்தால் வெள்ளையை அணைத்துவிட்டு, நீலத்தை 5 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்து முடித்ததும் அதையும் அணைத்துவிடுங்கள்.