காப்புறுதி இருந்தும் கைக்காசு ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் நியூஜேர்சியில் வசிக்கும் என் மகளுக்குக் கடந்த செப்டெம்பரில் (2025) அப்பெண்டிக்ஸ் சத்திரசிகிச்சை நடந்தது. மாதந்தோறும் சம்பளத்தில் காப்புறுதிக்குக் கழித்தும், 4,600 டொலர் கட்டச் சொல்லிப் பில் வந்திருக்கிறது. போதாததற்கு, வைத்தியரிடம் போகும்போதெல்லாம் ‘கோ-பே’ என்று 30 டொலர் வாங்குகிறார்கள். இங்கே பெரியாஸ்பத்திரியில் இதே சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்பதில்லையே! காப்புறுதிக்காரர் அவளை ஏமாற்றுகிறார்களா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்

பதில்: நீங்கள் இணைத்திருந்த பிரதிகளைப் பார்த்தேன், ஏமாற்று எதுவும் தெரியவில்லை. அவற்றில் உங்களைத் திடுக்கிட வைத்திருக்கக்கூடிய 24,000 டொலர் என்ற தொகை, வைத்தியசாலை முதலில் போட்ட விலை மட்டுமே. காப்புறுதி நிறுவனம் அந்த வைத்தியசாலையுடன் முன்பே செய்துகொண்ட ஒப்பந்தப்படி அது 15,000 ஆகக் குறைந்திருக்கிறது. காப்புறுதி நிறுவனம் அனுப்பிய, அந்தக் கணக்கு இருக்கும் தாளின் தலைப்பிலேயே ‘இது பில் அல்ல’ என்று அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். வைத்தியசாலையின் பில் தனியே வரும். இரண்டிலும் மகள் கட்டவேண்டிய தொகை ஒன்றாக இருந்தால் மட்டுமே பணம் அனுப்ப வேண்டும்.

இனி 4,600க்கு வருவோம். மகளின் திட்டத்தில் ஆண்டின் முதல் 2,000 டொலர் மருத்துவச் செலவு அவளுடையது. இதையே ‘டிடக்டிபிள்’ என்கிறார்கள். எஞ்சிய 13,000இல் நூற்றுக்கு 20 வீதம், அதாவது 2,600 டொலர், ‘கோ-இன்சூரன்ஸ்’ என்ற பெயரில் மீண்டும் அவள் தலையில் விழுகிறது. கோ-பே என்பது இவற்றிலிருந்து வேறானது: நாம் சனலிங் செய்து தனியார் வைத்தியரைப் பார்க்கும்போது வைத்தியரின் கட்டணம் முழுவதையும் கட்டுகிறோம், அவளோ கட்டணம் எவ்வளவாயினும் 30 டொலரோடு எழுந்து வருகிறாள்.

ஆனால் ஒரு காப்புறுதித் திட்டத்தை எடைபோட நான் முதலில் தேடுவது இவற்றில் எதையும் அல்ல, நோயாளி ஓராண்டில் கைக்காசாகக் கட்டவேண்டிய உச்சவரம்பையே. மகளின் வரம்பு 6,000 டொலர். மாதக் கட்டுப்பணமும், திட்டத்தோடு ஒப்பந்தமுள்ள வைத்தியர்களின் வலையமைப்புக்கு வெளியேயுள்ள வைத்தியரிடம் விரும்பிச் சென்ற செலவும் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்வதில்லை. மற்றப்படி அந்த வரம்பைத் தொட்டபின் திட்டத்தில் அடங்கும் சேவைகளுக்கான அவ்வாண்டுச் செலவைக் காப்புறுதியே ஏற்கும். அந்நாட்டுச் சட்டம் 2025ஆம் ஆண்டுக்குத் தனிநபருக்கு 9,200, குடும்பத்துக்கு 18,400 டொலர் என இந்த வரம்புக்கே ஒரு மேலெல்லை வகுத்திருக்கிறது.

இலவச மருத்துவத்தில் வளர்ந்த நமக்கு இது கொடுமையாகத் தோன்றுவது இயல்பே. எனினும் 2022இல் இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது, ‘வெளியில எடுங்கோ’ என்று எழுதித் தந்த துண்டோடு பாமசி பாமசியாக ஏறி இறங்கியவர்கள் கட்டியதும் கைக்காசுதான். அதற்கு உச்சவரம்பு எதுவும் இருக்கவில்லை.

மகள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு சேவையையும் தனித்தனியே காட்டும் விபரப் பில்லைக் கேட்டு வாங்கலாம். ஒரே பரிசோதனை இருமுறை ஏறியிருப்பது அரிதல்ல. தொகையைத் தவணையில் கட்ட முடியுமா, வட்டி உண்டா என்று கேட்கலாம். இலாப நோக்கற்ற வைத்தியசாலையானால் நிதியுதவிக் கொள்கை ஒன்றை எழுத்தில் வைத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வருமானம் பொருந்தினால் விண்ணப்பிப்பதில் வெட்கம் எதற்கு?

இறுதியாக, திட்டத்தின் ஆண்டு டிசெம்பர் 31 உடன் முடிகிறதா என்று அவளிடம் கேளுங்கள். அப்படியானால், வைத்தியர் சொல்லியிருக்கும் ஸ்கானை 2025க்குள் எடுத்துவிடுவது நல்லது. டிடக்டிபிள் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் இப்போது அதில் 20 வீதமே அவளுடைய பங்கு. ஜனவரி பிறந்தால் மீண்டும் முதல் 2,000 டொலரிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள்.