மகளை சொரோரிட்டியில் சேர விடலாமா?

"மகள் அமெரிக்காவில் முதலாண்டு படிக்கிறாள். சொரோரிட்டியில் சேரட்டுமா என்று கேட்கிறாள். அங்கே குடியும் கூத்தும்தான் என்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொரோரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் மட்டும் சேரும் மாணவர் சங்கம். சிலவற்றுக்குத் தங்குவதற்கு மாளிகை மாதிரி வீடும் உண்டு. உங்கள் வயிற்றில் புளியைக் கரைப்பது சினிமாவும் டிக்டாக்கும்தான் என்று நினைக்கிறேன். ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு வரிசையாக ஆடும் அலபாமா சொரோரிட்டிப் பெண்களின் வீடியோவை வைத்து எல்லா அமைப்பையும் எடை போடாதீர்கள்.

என் மகள் டெக்சாஸில் படித்தபோது சேர்ந்தது தெற்காசியப் பெண்களின் சொரோரிட்டி. 1990களின் கடைசியில் ஹூஸ்டனிலும் ஆஸ்டினிலும் நம் பிள்ளைகளே இப்படி அமைப்புகளைத் தொடங்கினார்கள். அவளுடையதற்குத் தூண் வைத்த மாளிகையெல்லாம் கிடையாது. கல்லூரி வகுப்பறையில்தான் கூட்டம் நடக்கும். புதிதாகச் சேரும் பெண்ணுக்கு ஒரு சீனியரை அக்கா மாதிரி ஒதுக்குவார்கள். 'பிக்' என்பார்கள். இவளுக்கு வாய்த்தது ஒரு குஜராத்திப் பெண். மகளுக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு ராத்திரி, எவர்சில்வர் டப்பாவில் கிச்சடி கொண்டுவந்து ஊட்டி, நாங்கள் காரில் போய்ச் சேரும்வரை பக்கத்திலேயே இருந்தவள் அவள்தான். நாங்கள் போனபோது தெர்மாமீட்டரைக் கையில் வைத்தபடி நாற்காலியிலேயே தூங்கியிருந்தாள்.

எங்கள் ஊரில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக் விருந்தில் ஒரு அம்மா, "பொண்ணைப் போய் அங்கெல்லாம் விட்டிருக்கீங்களே" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் மகனே ஒரு ஃப்ரட்டர்னிட்டியில், அதாவது பையன்களுக்கான அதே மாதிரி சங்கத்தில், இருக்கிறான்! அது பிற்காலத்தில் வேலைக்கு உதவுமாம். பையன் சேர்ந்தால் செல்வாக்கு, பெண் சேர்ந்தால் கெட்ட பேரா? இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை. 2020இல் கமலா ஹாரிஸ் ஜெயித்தபோது அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் வெடித்த பட்டாசை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவரும் அந்த அம்மாதான். கமலா ஹோவர்டு பல்கலையில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் சொரோரிட்டிதானே? வெள்ளையர் அமைப்புகள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில், 1908இல், கறுப்பினப் பெண்கள் தொடங்கியது அது. அந்த ஆண்டைக் குறிக்கும்படி 19.08 டாலர், 19.08 டாலராகக் கமலாவின் தேர்தல் நிதிக்கு அனுப்பியவர்கள் அந்தச் சகோதரிகள்.

அதற்காக எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை, கமென்டில் சண்டைக்கு வராதீர்கள். 2017இல் பென் ஸ்டேட் பல்கலையில் ஃப்ரட்டர்னிட்டியில் சேரப் போன டிமோதி பியாஸா என்ற 19 வயதுப் பையனுக்கு அளவில்லாமல் குடிக்கக் கொடுத்தார்கள். படியில் விழுந்தவனுக்கு மறுநாள் காலைவரை ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. இறந்துபோனான். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையான செய்தியைப் படித்து நடுங்கிய தலைமுறை நான். ராகிங் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும்.

2024 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டப்படி, எந்தெந்த மாணவர் அமைப்பு ராகிங்கில் சிக்கியது என்று கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மகள் சொல்லும் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தா எவ்வளவு, புது உறுப்பினர் பயிற்சி எத்தனை வாரம், அதில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று அவளிடமே கேளுங்கள். ரகசியம், சொல்லக் கூடாது என்று மழுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.