ஸ்ட்ரிக்ட் மேனேஜர், ஃபிரண்ட்லி மேனேஜர், கண்டுக்காத மேனேஜர்: யார்கிட்ட வேலை பார்க்குறது நல்லது?

கேள்வில மூணு டைப் சொல்லியிருக்கீங்க. எல்லாத்தையும் தானே முடிவு பண்ணி ஆர்டர் போடுறவரு, எல்லாரையும் கேட்டு கலந்து பேசி முடிவெடுக்குறவரு, வேலைய குடுத்துட்டு அப்புறம் திரும்பியே பாக்காதவரு. இதுல யார் டீமுக்கு மாறலாம்னு கேக்குறீங்க. நான் மூணு பேர்கிட்டயும் வேலை பாத்திருக்கேன், இப்ப ஒரு சின்ன டீமையும் பாத்துக்கிறேன். அதனால நேராவே சொல்லிடுறேன், அவர் எந்த டைப்புங்கறத ரெண்டாவதா பாருங்க. ஒரு வேலை சொதப்புச்சுன்னா அந்த விஷயம் அவர் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் போகுது, போனதுக்கு அப்புறம் என்ன நடக்குது, இத முதல்ல பாருங்க.

நீங்க சொன்ன இந்த மூணு பிரிவு ரொம்ப பழசு. குர்ட் லெவின்னு ஒரு சைக்காலஜிஸ்ட், கூட லிப்பிட், ஒயிட்னு ரெண்டு பேரு, 1939ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. பத்து வயசு பசங்கள குழு குழுவா பிரிச்சு, முகமூடி செய்யறது மாதிரி வேலை குடுத்து, ஒரு குழுவுக்கு அதிகாரம் பண்ற தலைவர், இன்னொண்ணுக்கு கலந்து பேசுறவர், இன்னொண்ணுக்கு எதுலயும் தலையிடாதவர்னு வச்சு பாத்தாங்க. இதுல எனக்கு புடிச்சது, தலைவர் ரூமை விட்டு வெளிய போனப்ப என்ன நடக்குதுன்னு அவங்க தனியா கவனிச்சதுதான். அதிகாரத்துக்கு அடங்கிப்போன குழுவுல தலைவர் இருக்கும்போது 74 சதவீத நேரம் வேலை நடந்துச்சு, அவர் வெளிய போனதும் 29க்கு விழுந்துடுச்சு. கலந்து பேசுற குழுவுல இருக்கும்போது 50, போனா 46. அதாவது எதிர்ல நின்னு பாத்தா ஸ்ட்ரிக்டான தலைவர் குழுதான் ரொம்ப நல்லா வேலை செய்யற மாதிரி தெரியும், மேல இருக்குற பெரிய மேனேஜ்மென்ட்டுக்கும் அதான் தெரியும், அதனாலதான் அந்த மாதிரி ஆளுங்களுக்கு சீக்கிரம் ப்ரொமோஷன் கிடைக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

ஆபீஸ்ல இது எப்படி இருக்கும்னா, நான் முன்னாடி இருந்த ஒரு டீம்ல மேனேஜர் ரொம்ப ஸ்ட்ரிக்ட், ஸ்டேட்டஸ் மீட்டிங்ல எக்செல் ஷீட்ட ஸ்க்ரீன்ல போடுவாரு, வேலை சரியா போனா பச்சை, சிக்கல்னா மஞ்சள். பச்சைன்னா அடுத்தவங்க, மஞ்சளா இருந்தா அந்த ஆள எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு கேள்வி கேப்பாரு. ஒரு தடவ பழைய சிஸ்டத்துலருந்து புதுசுக்கு டேட்டா மாத்துற வேலை, ஸ்க்ரிப்ட் கொஞ்சம் ரெக்கார்ட விட்டுட்டு போகுதுன்னு புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் வாரத்தோட ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சுட்டான். பக்கத்து சீட்டு சீனியர்கிட்ட கேட்டான், "அண்ணா, சார்கிட்ட சொல்லிடலாமா?" அவரு மானிட்டர்லருந்து கண்ண எடுக்காமலே, "இப்ப சொன்னா உன்னத்தான் புடிப்பாரு, வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடு, அதுவரைக்கும் பச்சையே போடு"ன்னாரு. அந்த சீனியர் கெட்டவர் இல்ல, பையன காப்பாத்ததான் பாத்தாரு. கடைசில கஸ்டமரே கண்டுபுடிச்சு மெயில் போட்டாரு. மேனேஜருக்கு நிஜமாவே ஷாக், ஏன்னா அவர் ஷீட்ல எல்லாமே பச்சை.

அதுக்காக ஆர்டர் போடுறதே தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். ராத்திரில சர்வர் படுத்துக்கிச்சு, கஸ்டமர் எல்லாம் கத்துறாங்க, அப்ப "எல்லாரும் உங்க கருத்த சொல்லுங்க"ன்னு ஒருத்தர் மீட்டிங் போட்டா எரிச்சல்தான் வரும். அந்த நேரத்துல "நீ லாக் பாரு, நீ பழைய வெர்ஷனுக்கு திரும்ப ரெடி பண்ணு, நீ கஸ்டமர் கால்ல இரு, வேற யாரும் எதையும் தொடாதீங்க"ன்னு சொல்ற ஆள்தான் வேணும். அப்படி ஒருத்தர்கிட்டயும் இருந்திருக்கேன். மறுநாள் காலைல அவரே உக்காந்து "என்ன நடந்துச்சு, எங்க நம்ம செக் பண்றது பத்தல"ன்னு பொறுமையா கேப்பாரு, "யாரு பண்ணது"ன்னு ஒரு வார்த்தை வராது. ரெண்டு பேரும் ஆர்டர் போடுறவங்கதான், ஆனா இவர்கிட்ட எந்த பிரச்சனையும் அன்னைக்கே போயிடும், ஒளிக்கணும்னு யாருக்கும் தோணாது.

ஃபிரண்ட்லி மேனேஜர் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். ப்ளேக், மூட்டன்னு ரெண்டு பேரு 1964ல ஒரு கட்டம் போட்டு காட்டுனாங்க, வேலை மேல இருக்குற அக்கறை ஒரு கோடு, ஆளுங்க மேல இருக்குற அக்கறை இன்னொரு கோடு, ரெண்டுக்கும் 1லருந்து 9 வரைக்கும் மார்க். ஆளுங்க மேல 9, வேலை மேல 1ன்னு ஒரு மேனேஜர் இருக்கலாம், பாக்க ரொம்ப இனிமையா இருப்பாரு. லீவு கேட்டா உடனே குடுப்பாரு, பர்த்டேய மறக்க மாட்டாரு. ஆனா உங்க வேலைல ஒரு குறை இருந்தா சொல்ல மாட்டாரு, உங்க மனசு கஷ்டப்படுமேன்னு. வருஷம் பூரா "சூப்பர், நல்லா பண்றீங்க"ன்னு கேட்டுட்டு அப்ரைசல்ல ரேட்டிங் கம்மியா வந்து நின்ன ஒரு பொண்ண எனக்கு தெரியும். ரூம்லருந்து வெளிய வந்து என்கிட்ட கேட்டது, "ஒரு தடவையாவது சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்ல?" எனக்கு பதில் சொல்ல முடியல. கெட்ட விஷயம் கீழருந்து மேல போறது மட்டும் இல்ல, மேலருந்து கீழயும் வரணும். ஸ்ட்ரிக்ட் ஆள்கிட்ட முதலாவது அடைபடுது, ரொம்ப நல்லவர்கிட்ட ரெண்டாவது அடைபடுது.

நீங்க கேக்காத நாலாவது டைப் ஒண்ணு இருக்கு, எனக்கு அவங்கதான் ரொம்ப கஷ்டமா இருந்தாங்க. டேனியல் கோல்மேன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 2000ல எழுதுன கட்டுரைல லீடர்ஷிப் ஸ்டைல ஆறா பிரிச்சாரு, அதுல ஒண்ணு தானே முன்னாடி வேகமா ஓடிக்காட்டி எல்லாரும் அதே வேகத்துல வரணும்னு எதிர்பாக்குறவரு. மிரட்டி வேலை வாங்குறதும் இந்த ஸ்டைலும்தான் டீமோட சூழ்நிலைய கெடுக்குதுன்னு அவர் சொல்றாரு, எனக்கும் அனுபவம் அதேதான். இவங்க திறமைசாலிங்க, நேர்மையானவங்க, கத்தவும் மாட்டாங்க. ஆனா "இது வரலங்க"ன்னு போய் நின்னா "தள்ளுங்க, நான் பாக்குறேன்"னு கீபோர்ட வாங்கிடுவாங்க. கொஞ்ச நேரத்துல முடிச்சும் குடுத்துடுவாங்க. அடுத்த தடவ நீங்க போய் சொல்ல மாட்டீங்க, ஏன்னா சொன்னா அந்த வேலை உங்க கைய விட்டு போயிடும், நீங்க எதையும் கத்துக்கவும் முடியாது.

கண்டுக்காத மேனேஜர் பத்தி சுருக்கமா சொல்றேன். அவருக்கும் உங்கள நம்பி விடுறவருக்கும் தூரத்துலருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது, ரெண்டு பேருமே தலையிட மாட்டாங்க. ஒரு பிரச்சனைய கொண்டுபோய் பாருங்க. நம்பி விடுறவரு அன்னைக்கே கூட உக்காருவாரு, கண்டுக்காதவரு "பாத்துக்கோங்க"ன்னு ரிப்ளை போடுவாரு, அதோட சரி. அப்புறம் நம்பி விடுறதுகூட எல்லாருக்கும் ஒத்துவராது, 1969லயே ஹெர்சி, பிளான்சார்ட்னு மேனேஜ்மென்ட் பத்தி எழுதுன ரெண்டு பேரும் இதத்தான் சொன்னாங்க, வேலை தெரியாத புது ஆளுக்கு தெளிவா சொல்லிக்குடுக்கணும், தேறுன ஆளுக்கு கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்குடுக்கணும். அதனால ஒரே மேனேஜர் உங்க ஃபிரண்டுக்கு நல்லவராவும் உங்களுக்கு மோசமாவும் இருக்க வாய்ப்பு இருக்கு, ரெண்டு பேர் சொல்றதும் உண்மையாவே இருக்கும்.

தப்பு வெளிய வருதாங்கற இந்த ஒரே விஷயத்த நான் புடிச்சுக்கிட்டு பேசுறதுக்கு காரணம், எமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1996ல வெளியிட்ட ஆராய்ச்சி. ஆஸ்பத்திரி நர்ஸ் டீம்கள்ல மருந்து குடுக்கறதுல நடக்குற தப்புகள எண்ணிப் பாத்தாங்க. நல்ல தலைமை இருக்குற டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பாத்தா, அங்கதான் கணக்குல அதிகமா வந்துச்சு. அவங்க அதிகமா தப்பு பண்ணாங்கன்னு அர்த்தம் இல்ல, பயப்படாம வெளிய சொன்னாங்க, அதனால கணக்குல வந்துச்சு. மத்த டீம்ல அதெல்லாம் மறைஞ்சே போச்சு. உயிர் சம்பந்தப்பட்ட இடத்துலயே இப்படின்னா நம்ம ஆபீஸ் ஷீட் பச்சையா இருக்கறத வச்சு என்ன முடிவு பண்ண முடியும்?

இன்னொண்ணு, கலகலன்னு பேசுற ஆள்தான் நல்ல லீடர்னு நினைக்காதீங்க. பீட்சா டெலிவரி கடைகள்ல பண்ண ஒரு ஆராய்ச்சி 2011ல வந்துச்சு, ஊழியர்கள் தானா ஐடியா சொல்ற ஆளுங்களா இருந்தா அமைதியான மேனேஜரோட கடைக்குத்தான் லாபம் அதிகம், அவங்க சும்மா சொன்னத செய்யறவங்களா இருந்தா கலகலப்பான மேனேஜர் கடைக்கு அதிகம். நீங்க தானா யோசிக்கிற ஆளா இருந்தா, அமைதியான மேனேஜர "மூஞ்சிய உர்ர்ருன்னு வச்சிருக்காரு"ன்னு ஒதுக்கிடாதீங்க.

மாறுறதுக்கு முன்னாடி அந்த மேனேஜர்கிட்ட பேச சான்ஸ் கிடைச்சா, "உங்க மேனேஜ்மென்ட் ஸ்டைல் என்ன"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் அழகா ஒரு பதில் வச்சிருப்பாங்க. "கடைசியா உங்க டீம்ல ஒரு டெட்லைன் மிஸ் ஆனப்ப உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது, யார் வந்து சொன்னாங்க?"ன்னு கேளுங்க. ஒரு ஆள் பேர சொல்லி "அவன் சொதப்பிட்டான்"னு ஆரம்பிச்சா யோசிங்க. "எங்க டீம்ல அப்படி ஒண்ணும் ஆனதே இல்ல"ன்னு சொன்னா இன்னும் நல்லா யோசிங்க. "இன்னார் ரெண்டு வாரம் முன்னாடியே வந்து சொல்லிட்டாங்க, நாங்க வேலைய கொஞ்சம் குறைச்சுக்கிட்டோம்"னு சொன்னா, அவர் பேசுற டோன் கொஞ்சம் கறாரா இருந்தாலும் நான் அந்த டீமுக்குத்தான் போவேன். முடிஞ்சா அந்த டீம்ல ஜூனியர் யாரையாவது கேன்டீன்ல புடிச்சு இதே கேள்விய கேளுங்க, ரெண்டு பதிலும் ஒத்துப்போகுதான்னு பாருங்க.