பிளீச்சிங் பவுடர் பத்தி வந்த கேள்விகள்

கேள்வி: பிளீச்சிங் பவுடர் கிருமி கொல்லத்தானே கண்டுபிடிச்சாங்க?

இல்லீங்க, துணி வெளுக்க. கிளாஸ்கோவுல சார்லஸ் டெனன்ட் 1799ல பேடன்ட் வாங்கினாரு. அதுவரைக்கும் துணிய மாசக்கணக்குல வெயில்ல விரிச்சுப்போட்டுத்தான் வெளுத்தாங்க.

கேள்வி: செம்மல்வைஸ்ங்கிற டாக்டர் மத்த டாக்டர்கள கார்பாலிக் ஆசிட்ல கை கழுவச் சொன்னாராமே?

ரெண்டு பேரோட கதையைப் போட்டு குழப்பியிருக்கீங்க, அனுப்புறதுக்கு முன்னாடி வருஷத்தையாவது பாத்திருக்கலாம். கார்பாலிக், அறுவை சிகிச்சை டாக்டர் லிஸ்டரோடது, 1865. செம்மல்வைஸ் 1847ல வியன்னாவுல கொடுத்தது குளோரின் சுண்ணாம்புக் கரைசல், அதாவது நம்ம பிளீச்சிங் பவுடர் கரைசல். பிரசவ வார்டுல நூத்துக்கு 18 வரைக்கும் போன சாவு ரெண்டே மாசத்துல 2 கிட்ட இறங்குச்சு.

கேள்வி: 1858ல லண்டன் நாத்தத்தப்போ பிளீச்சிங் போட்டுத்தான் காலராவ ஒழிச்சாங்களா?

இல்லவே இல்ல. எத்தன வாட்டி சொன்னாலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது. தேம்ஸ் முழுக்க சாக்கடை, பார்லிமென்ட்ல உக்கார முடியாம திரைச்சீலையெல்லாம் குளோரின் சுண்ணாம்புல நனைச்சு தொங்கவிட்டாங்க, ஏன்னா நாத்தம்தான் நோயக் கொண்டுவருதுன்னு அப்போ நம்பினாங்க. காலரா தண்ணியில பரவுதுன்னு ஜான் ஸ்னோங்கிற லண்டன் டாக்டர் அதுக்கு முன்னாடியே சொல்லியாச்சு, பெருசா யாரும் காதுல வாங்கல. லண்டனக் காப்பாத்துனது பின்னாடி இன்ஜினியர் பேசல்ஜெட் கட்டுன பாதாள சாக்கடை. பவுடர் நெஜமா உயிரக் காப்பாத்துனது தண்ணிக்குள்ள போனப்போதான்: 1897ல இங்கிலாந்து மெய்ட்ஸ்டோன்ல டைபாய்டு வந்தப்போ குடிநீர்க் குழாய்களுக்குள்ள போட்டாங்க, 1908ல அமெரிக்கா ஜெர்சி சிட்டியில தினமும் போட ஆரம்பிச்சாங்க. இவ்வளவுக்கு அப்புறமும் காஞ்ச பவுடர தரையில கோடு மாதிரி தூவிட்டு, வாசனை வந்துருச்சு சுத்தமாயிடுச்சுன்னு போறாங்க பாருங்க, அதப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வரும். மொதல்ல அழுக்க எடுங்க, அழுக்கே குளோரின பாதி தின்னுடும். தண்ணியில கரைங்க, அரைமணி நேரமாவது விடுங்க. வாசனைய வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

கேள்வி: முதல் உலகப்போர்ல புண்ணுக்கு இதையே ஊத்தினாங்களாமே, நானும் பண்ணலாமா?

பண்ணாதீங்க. அது டேக்கின் கரைசல், 0.5% தான், காரம் குறைச்சு அளந்து தயாரிச்சது, அதையும் டாக்டர் கையால பண்ணாங்க.

கேள்வி: கறை போகலைன்னா ஆசிட் கூட சேத்து ஊத்தலாமா?

கூடவே கூடாது. போன வாட்டியும் சொன்னேன், அடுத்த வாட்டியும் சொல்லுவேன். கெளம்புறது குளோரின் வாயு, 1915ல முதல் உலகப்போர்ல பெல்ஜியத்து ஈப்ர போர்க்களத்துல ஆளக் கொன்ன அதே வாயு. அம்மோனியா கலந்த க்ளீனர் கூடவும் சேக்காதீங்க.

கேள்வி: ரெண்டு வருஷமா தெறந்து கெடக்குற பவுடர் வேலை செய்யுமா?

புதுசுல 33% போல குளோரின் இருக்கும், இப்போ உங்க டப்பாவுல இருக்குறது பெரும்பாலும் வெறும் சுண்ணாம்பு. புதுசு வாங்குங்க, மூடி போட்டு வைங்க.