வெள்ளை பீச்: தோலின் நிறமும் விலையும்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் ஒசாகாவில் வசிக்கிறேன். சென்ற ஜூலையில் ஒரே கடையில் இரு வகை பீச் பழங்கள் இருந்தன. ஒகயாமாவிலிருந்து வந்தது பாலாடை நிறம். ஃபுகுஷிமாவிலிருந்து வந்தது நன்றாகச் சிவந்திருந்தது, விலையும் பாதிதான். இரண்டும் வெள்ளை பீச் என்றார்கள். சிவந்ததை வாங்கினேன், கொய்யாக்காயைப் போலக் கடிபட்டது. ஏமாந்துவிட்டேனா?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

ஏமாறவில்லை. இரண்டுக்குமே சதை வெள்ளைதான். மஞ்சள் பீச்சுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டுகள் வெள்ளை பீச்சிலும் உருவாகின்றன. ஆனால் அவற்றைச் சிதைக்கும் நொதி ஒன்று அதில் வேலை செய்வதால் நிறம் தங்குவதில்லை. அந்த நொதிக்குரிய மரபணு செயலிழந்த மரங்களே மஞ்சள் சதையைத் தருகின்றன.

தோலின் சிவப்பு பெரும்பாலும் வெயிலின் வேலை. ஒகயாமாவில் பிஞ்சிலேயே ஒவ்வொரு காய்க்கும் காகிதப் பை கட்டிப் பறிக்கும் வரை அதற்குள்ளேயே வைத்திருப்பதால் தோல் வெளிறியே இருக்கிறது. ஃபுகுஷிமாவிலோ வெயில் படவிட்டு, மரத்தடியில் ஒளியைத் திருப்பியடிக்கும் விரிப்பையும் பரப்பிச் சிவக்க வைக்கிறார்கள். ஜூலை ஜப்பானில் பரிசளிக்கும் பருவம் என்பதால் கறையற்ற வெளிர்த்தோலுக்குத் தனி மதிப்பு உண்டு. நீங்கள் கண்ட விலை வேறுபாட்டில் ஒரு பங்கு அந்தத் தோற்றத்துக்கானது என்பதே என் எண்ணம்.

மறு பங்கு ரகத்தைச் சேர்ந்தது. ஜப்பானின் மெய்ஜி கால அரசு 1875-இல் சீனாவிலிருந்து தருவித்த ஷாங்காய் பீச்சின் வழியில் 1899-இல் ஒகயாமாவில் கண்டெடுக்கப்பட்டது ஹகுதோ என்ற ரகம். இன்றைய ஜப்பானிய ரகங்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். 1932-இல் அதே ஒகயாமாவில் கண்டறியப்பட்ட ஷிமிஸு ஹகுதோதான் நீங்கள் பார்த்த வெளிறிய பழமாக இருக்கக்கூடும். நன்கு பழுத்தால் கத்தி வேண்டாம்; காம்புப் பக்கம் நகத்தால் கீறி இழுத்தால் தோல் தானே உரிந்து வரும், சாறு மணிக்கட்டு வரை வழியும். நார் மிகக் குறைவு. கொட்டையைச் சுற்றியும் சிவப்பு அதிகம் இராது. ஆனால் விரல் அழுத்திய இடம் விரைவில் பழுப்பாகிவிடும்.  அப்படி அழுந்தாமல் பார்த்துக்கொள்ளும் கூலியும் விலையில் சேராமலா இருக்கும்?

நீங்கள் கடித்தது அனேகமாக அகட்சுகி என்ற ரகம். ஹகுதோவையும், கனகாவாவில் உருவான சாறு மிகுந்த ஹகுஹோவையும் கலந்து பெற்றது. பழம் சிறுத்துப் போகிறதென்று மற்ற இடங்களில் கைவிடப்பட்ட அந்தக் கலப்பை ஃபுகுஷிமாக்காரர்கள் விடாமல் வளர்த்துப் பார்த்தார்கள். 1979-இல் அது பெயர் பெற்றுப் பதிவானது. இறுகிய சதையே அதன் இயல்பு. அதை மொறுமொறுப்பாகத் தின்பதையே அங்கே பலரும் விரும்புகிறார்கள். ஓரிரு நாள் வெளியில் வைத்தால் இளகும். வீட்டில் உண்பதற்கு என் தேர்வும் அதுவே.

வெள்ளை பீச் மஞ்சளைவிட இனிப்பானது என்று சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். சர்க்கரை அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம்; ஜப்பானிய ரகங்களில் புளிப்பு குறைவு, அதனால் இனிப்பு தூக்கலாகத் தெரிகிறது. புளிப்பை நிர்ணயிக்கும் மரபுக்கூறு சதை நிறத்தோடு பிணைந்ததல்ல என்பதால் புளிப்பான வெள்ளை பீச்சும் உண்டு.

இனி வாங்கினால் அமுக்கிப் பார்க்காதீர்கள், கடைக்காரர் முகம் சுளிப்பார். காம்படியில் பச்சை மறைந்து மணம் எழும் வரை அறையில் வைத்து, உண்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு மட்டும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். நெடுநேரம் குளிர்ந்தால் சுவை மங்கும். நாகானோவில் தோன்றிய கவனகஜிமா ஹகுதோ என்ற ரகம் ஆகஸ்டில் கடைக்கு வரும். பெரியது, இறுக்கமானது, மற்றவற்றைவிடச் சில நாள் கூடுதலாகத் தாங்கும். ஊருக்குள் யாருக்காவது கொண்டுபோவதானால் ஷிமிஸுவை விட்டுவிட்டு அதை வாங்குங்கள்.